கடல்நீரில் விழுந்த விளக்கும் கடலடியிலிருந்து மீண்ட கப்பல்களும்



கடல்மீன் வளர்ப்போர் இல்லங்களில் அவ்வப்போது நேரும் விபத்து ஒன்றுண்டு. தொட்டியின் மேல் பொருத்திய மின்விளக்கு நழுவி உப்புநீருக்குள் விழுந்துவிடும். பதறி எடுப்பார்கள், துணியால் துடைப்பார்கள், வெயிலில் காயவைத்து மறுநாள் எரியவிட்டுப் பார்ப்பார்கள். சில வேளைகளில் எரியும். ஆனால், சில நாள்களில் அணைந்துவிடும். திறந்து பார்த்தால் செம்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கும். “தண்ணீர்தான் காய்ந்துவிட்டதே, பிறகு ஏன் கெட்டது?” என்று கேட்பது இயல்பே.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. நீர் ஆவியாகிவிடும், உப்போ உள்ளேயே தங்கிவிடும். அது நம் வட்டாரத்தின் ஈரக்காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை ஓயாமல் அரிக்கும். மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு மேலும் விரைவுபடும். ஆழ்ந்த நீருக்குள் உயிர்வளி குறைவு. வெளியே எடுத்ததும் காற்றில் அது தாராளமாகக் கிடைக்கிறது. எனவே, மூழ்கிய பொருள் பெரும்பாலும் மீட்கப்பட்ட பிறகே விரைந்து கெடுகிறது. இவ்வுண்மையை விளக்கும் நிகழ்வு ஒன்று வரலாற்றில் உண்டு.

1941 டிசம்பர் 7ஆம் நாள், ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ல் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அதே வேளையில், நம் நாள்காட்டிப்படி டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் தரையிறங்கியதை நாம் அறிவோம். பேர்ல் துறைமுகத்தில் மூழ்கிய போர்க்கப்பல்களுள் ‘கலிபோர்னியா’, ‘வெஸ்ட் வர்ஜீனியா’ ஆகிய இரண்டும் மின்சாரத்தால் இயங்கியவை. நீராவிச் சுழலிகள் பெரும் மின்னாக்கிகளைச் சுழற்ற, அவை தரும் மின்சாரத்தால் மோட்டார்கள் இயங்கிக் கப்பலைச் செலுத்தும். அத்தனை கருவிகளும் பல மாதங்கள் உப்புநீரிலும் எண்ணெயிலும் சேற்றிலும் கிடந்தன.

1942 ஜனவரியில் மீட்புப் பிரிவின் பொறுப்பை ஹோமர் வாலின் என்ற கடற்படை அதிகாரி ஏற்றார். அவ்வாண்டு மார்ச்சில் ‘கலிபோர்னியா’வும் மே மாதத்தில் ‘வெஸ்ட் வர்ஜீனியா’வும் மிதக்கவிடப்பட்டன. மின்கருவிகளைப் பொறுத்தவரை மீட்புக் குழுவினர் முதலில் செய்தது காயவைப்பது அன்று, கழுவுவதே. நன்னீரால் உப்பை அகற்றி, நீரை விலக்கும் ‘டெக்டில்’ என்னும் பூச்சைப் பூசினர், பின்னர் உலர்த்தினர். காப்பு பழுதடைந்த சுருள்களைப் புதிதாகச் சுற்றினர். கடலடியில் கிடந்த ‘கலிபோர்னியா’ அதே ஆண்டில் தன் சொந்த ஆற்றலாலேயே அமெரிக்கக் கரைக்குப் புறப்பட்டது. 1944 அக்டோபர் 25இல் பிலிப்பீன்ஸின் சூரிகாவ் நீரிணைப் போரில் இவ்விரு கப்பல்களும் பங்கெடுத்தன.

எனினும், மீட்க இயலாதவையும் அங்கு இருந்தன. ‘வெஸ்ட் வர்ஜீனியா’வின் அறை ஒன்றில் சிக்கிக்கொண்ட மூன்று மாலுமிகளின் உடல்கள் 1942இல் கண்டெடுக்கப்பட்டன. அவர்களிடம் இருந்த நாள்காட்டியில் டிசம்பர் 23 வரை நாள்கள் குறிக்கப்பட்டிருந்தன. மோட்டார்களுக்குக் கிடைத்த மறுவாழ்வு அம்மூவருக்குக் கிடைக்கவில்லை. இயந்திரத்திற்கு உண்டு இரண்டாம் வாய்ப்பு, மனிதனுக்கு இல்லை.

ஆகவே, நம் வீட்டு விளக்கிற்கு வருவோம். விளக்கு விழுந்தால் நீருக்குள் கைவிடுவதற்கு முன் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றுங்கள். இதில் அவசரம் கூடாது. எடுத்த விளக்கை எரியவிட்டுச் சோதிக்காதீர்கள். குறைந்த மின்னழுத்த எல்.இ.டி. பலகையாயின் உறையைத் திறந்து, உடனே நன்னீரில் பலமுறை அலசி, இறுதியில் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நன்கு உலர்த்துங்கள். வீட்டு மின்சாரம் நேரே நுழையும் பகுதியில் உப்புநீர் புகுந்திருந்தால் அதனை மீண்டும் பயன்படுத்தாமல் மாற்றிவிடுவதே நலம். தொட்டியையும் மறவாதீர்கள். விளக்கிலிருந்து கரையும் செம்பு, சிறிதளவே ஆயினும், இறாலுக்கும் பவள உயிர்களுக்கும் நஞ்சாகும். நீரில் ஒரு பகுதியை மாற்றுவது நன்று.

பொருளைக் கரையேற்றியதோடு மீட்பு முடிந்துவிடுவதில்லை. உட்புகுந்த உப்பைக் கழுவி நீக்கும்போதே அது நிறைவுறுகிறது. ‘காய்ந்தால் சரியாகிவிடும்’ என்று நாம் ஒதுக்கிவைப்பவை பலவும் உள்ளிருந்தே அரிபடுகின்றன என்பதை மாணவர்களுக்கும் எடுத்துச் சொல்வோம்.