கண்டிச் சீமையிற் குடித்தனம்: பெருந்தோட்டத் தம்பதியரின் அன்றாட வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழகத்துச் சிற்றூர்களின் வழக்கிற் கண்டி என்பது ஒரு நகரின் பெயராக மட்டும் நிற்கவில்லை. ஈழத்து மலைநாடு முழுவதுமே கண்டிச் சீமை எனப்பட்டது. அங்கே தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்ட வந்தவர்கள் ஆசை காட்டியதாக மலையக வாய்மொழி மரபு கூறும். குடிவரவின் தொகையும் அதனை ஒழுங்குபடுத்திய சட்டங்களும் ஆராயப்பட்ட அளவுக்கு, கடல் கடந்து வந்த கணவனும் மனைவியும் நாள்தோறும் நடத்திய வாழ்வு ஆராயப்பட்டதெனக் கூறமுடியாது. அதனை நாம் இங்கு நோக்குவோம்.

கோப்பிக் காலத்தில் இத்தகைய குடித்தனத்துக்கு இடம் குறைவு. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்திலேயே பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். எனவே வந்தவர்களுட் பெரும்பாலோர் ஆடவர். மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து, மாத்தளை ஊடாகக் கண்டி மலைகளை அடைந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலர் பலியாயினர். எஞ்சியோருட் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர்.

1867இல் கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869இற் காணப்பட்ட இலைநோய் அடுத்த இரு தசாப்தங்களிற் கோப்பியை வீழ்த்த, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. நிலையாக நிற்கும் கைகளும், குறைந்த கூலிக்குக் கிடைக்கும் பெண்ணுழைப்பும், நாளைய தொழிலாளியை இன்றே வளர்த்துத் தரும் தாய்மையும் தோட்டத்துக்கு ஒருங்கே தேவைப்பட்டன. பெருந்தோட்ட முதலாளித்துவம் குடும்பத்தை வரவேற்றமைக்குக் காரணம் இல்லறத்தின்பாற் கொண்ட மதிப்பன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

அக்குடும்பத்துக்கு வழங்கப்பட்ட இடம் லயத்தில் ஒரு காம்பரா. ஏறத்தாழ 10 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட அவ்வறையிலேயே அடுப்பும் படுக்கையும் பிள்ளைப்பேறும் நோயும் அமைந்தன. வேலை போனால் அறையும் போகும் என்ற நிலையில், வீடு என்பதே கூலியுறவின் ஒரு பகுதியாயிற்று.

விடியுமுன் தப்பொலி பெரட்டுக்கு அழைக்கும். அதற்கு முன்பே மனைவி எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, தேநீர் கொடுத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டாக வேண்டும். கவ்வாத்து வெட்டவோ கான் வெட்டவோ சென்ற கணவன், தனக்கு அளந்துவிட்ட வேலையை முடித்துப் பிற்பகலிற் பெரும்பாலும் லயம் திரும்பிவிடுவான். மனைவியோ மாலைக் கொழுந்து நிறுத்த பின்னரே மலையிறங்குவாள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். இறங்கிய பின்பும் அவளுக்கு விறகுண்டு, தண்ணீருண்டு, சமையலுண்டு. செக்ரோலில் இவ்வேலைகளுக்குப் பெயர் விழுவதில்லை.

கூலியிலும் இவ்வேற்றுமை சட்டமாகவே நின்றது. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. அந்த 43 சதமும் பெரும்பாலும் அவள் கைக்கு வருவதில்லை; அவள் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்வது தோட்ட வழக்கு. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, கங்காணியிடம் பட்ட கடன் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. துரைக்கும் கங்காணிக்கும் அடங்கி நின்ற ஆடவன் காம்பராவுக்குள் தானே ஒரு சிறு துரையாயினான். இதனை அவனது தனிப்பட்ட குணக்கேடாகக் காண்பது பொருந்தாது. மேலிருந்து கீழிறங்கிய ஓர் அதிகார அமைப்பின் கடைசிப் படி அது.

நகரம் இந்நிலையிலிருந்து விடுதலை அளித்ததா? கண்டி மாநகர சபையின் துப்புரவுப் பணிக்கென இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தோர் மகியாவையில் நெருக்கமான வரிசை வீடுகளிலேயே தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். இங்கும் வீடு தொழிலோடு பிணைக்கப்பட்டது; சாதியும் அதனோடு சேர்ந்துகொண்டது. 1974ஆம் ஆண்டளவிற் பஞ்சம் தோட்டங்களை வாட்டியபோது, பட்டினியால் வெளியேறிய தோட்டக் குடும்பங்கள் கண்டித் தெருக்களிற் கையேந்தி நின்றன. ஒரு நூற்றாண்டு காலம் தம் உழைப்பால் வளர்ந்த நகருக்கு அவர்கள் அந்நியராகவே வந்து சேர்ந்தனர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை ஏலவே நாடற்றோராக்கியிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கெனக் கணக்கிட்டு ஒதுக்கியது. அக்கணக்கிற் பிரிந்த உறவுகள் பல.

1984இல் தோட்டப் பெண்கள் சம கூலி பெற்றனர். வேலைநிறுத்தத்தின் வலுவிற் பெற்ற வெற்றி அது. ஆயின் தப்பொலிக்கு முன்பும் கொழுந்து நிறுத்த பின்பும் அவள் செய்த வேலை அச்சமத்துவத்துள் அடங்கவில்லை. மலையகத் தாலாட்டுகளையும் தெம்மாங்குகளையும் விதியை நொந்த புலம்பல்களாக வாசிப்பது நம்மிடையே வழக்காகிவிட்டது. அவற்றை எழுத்தறியாத உழைப்பாளி வைத்த வேலைக்கணக்காகவும் நாம் வாசித்தல் வேண்டும். செக்ரோலில் விழாத பேர்கள் அங்கேதான் பதிவாகியுள்ளன.