ரொல்படில்: ஆறு உழைப்பாளரின் ஊர்

தென் இங்கிலாந்தில், டோர்செற் மாவட்டத்தின் பிடில் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் ரொல்படில். வயல் சூழ்ந்த இவ்வூர் தொழிலாளர் வரலாற்றில் அழியா இடம்பெற்றது.

வாரம் 9 சிலிங்காயிருந்த பண்ணைக் கூலியை நிலவுடைமையாளர் 7 சிலிங்காகக் குறைத்தனர். அது 6 ஆகும் அச்சமும் எழுந்தது. 1833இல் ஜோர்ஜ் லவ்லெஸ் தலைமையில் உழைப்பாளர் சங்கம் அமைத்தனர். ஊர்நடுவிலுள்ள சிக்கமோர் மரத்தடியில் அவர்கள் கூடியதாகக் கூறுவர். சங்கம் அமைப்பதற்கிருந்த தடை 1824இலேயே நீங்கியிருந்தது. எனவே, கடற்படைக் கலகத்தை ஒடுக்க 1797இல் இயற்றப்பட்ட சட்டம் தேடியெடுக்கப்பட்டது. இரகசியப் பிரமாணம் செய்வித்த குற்றத்துக்காக 1834 மார்ச்சில் அறுவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குக் கைதிகளாய் அனுப்பப்பட்டனர்.

ஏப்ரலில் இலண்டன் வீதிகளில் தொழிலாளர் பெருந்திரளாய் அணிவகுத்தனர். கிளர்ச்சி ஓயவில்லை, 1836இல் அரசு மன்னிப்பு வழங்கியது. திரும்பியோருள் ஐவர் பின்னர் கனடாவில் குடியேறினர். ஊரிலேயே தங்கிய ஜேம்ஸ் ஹமெற் 1891இல் டோர்செஸ்ரர் ஏழைகள் விடுதியில் மாண்டார்.

1934இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் இங்கு முதிய பண்ணைத் தொழிலாளர்க்கென ஆறு வீடுகள் கட்டியது. அங்கே நினைவு அரும்பொருட்சாலையும் உண்டு. ஜூலையில் தொழிலாளர் விழாவும் நடைபெறுகிறது. ஹமெற்றுக்குக் கிட்டாத கூரையை அவர் வழிவந்த உழைப்பாளர்க்கு அளித்தது மன்னனின் மன்னிப்பன்று. குற்றமெனப்பட்ட அந்தச் சங்கமே.