அட்டைப் பெட்டிக்குள் ஒரு கணினி

தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் ஒரு பெட்டியோடு தெருவுக்குள் வருவார்களே, நினைவிருக்கிறதா? "பாட்டி, நம்ம சின்னம் இதான். இதுக்கு நேரா இருக்குற பட்டனை அமுக்கணும்" என்று காட்டுவார்கள். அது வெறும் மாதிரி. நிஜ இயந்திரத்தின் அளவில் பாதிதான் இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் 1982-ல் கேரளாவின் பரவூரில் முதலில் சோதிக்கப்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்தின் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்தது. அதைப் பழக்கிவிட இந்த மாதிரிப் பெட்டிகள் உதவுகின்றன. ஆனால் பாட்டியிடம் "பட்டன் எங்கே இருந்தால் வசதி?" என்று இந்தப் பெட்டி கேட்பதில்லை. இயந்திரம்தான் ஏற்கெனவே முடிவாகிவிட்டதே!

இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர்கள். பத்திரிகை அலுவலகங்களில் ஈய எழுத்துக்கள் போய்க் கணினி நுழைந்த காலம் அது. கைத்தொழிலும் வேலையும் போய்விடுமோ என்று அச்சுக்கோப்பவர்கள் பயந்தார்கள். அவர்களுடைய தொழிற்சங்கம் 1981-ல் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 'யூட்டோப்பியா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெல்லே ஏன், மோர்ட்டன் க்யூங் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள்.

முதலில் தொழில்நுட்ப விளக்கங்களை எழுதிக் காட்டினார்கள். தொழிலாளர்களுக்கு அது பிடிபடவில்லை. அப்புறம்தான் காகிதமும் அட்டையும் ஒட்டுப்பலகையும் வந்தன. காகிதத்தில் திரையை வரைந்து, அதன் முன் உட்கார்ந்து பக்கம் அமைத்துப் பார்த்தார்கள். வெறும் அட்டைப் பெட்டி ஒன்றில் 'மேசை லேசர் பிரிண்டர்' என்று எழுதி வைத்தார்கள். அப்படிப்பட்ட பிரிண்டர் அப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்காது! நிரல் எழுதத் தெரியாதவரும் "இது இங்கே வேண்டாம்" என்று சொல்லிக் கையாலேயே நகர்த்தி வைக்க முடிந்தது.

பின்னாளில் அமெரிக்காவின் ஜெஃப் ஹாக்கின்ஸும் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதையே கணினியாகப் பாவித்துத் திரிந்தார். அதுதான் 1996-ல் 'பைலட்' என்ற பெயரில் வெளிவந்தது.

இதையெல்லாம் படித்த ஜோரில் நானும் கிரிவலத்துக்கு ஒரு செல்பேசிச் செயலியை அட்டையில் வரைந்தேன். 14 கிலோமீட்டர் பாதை, எட்டு லிங்கங்களுக்கும் எட்டு பட்டன். ரொம்பப் பெருமையாகப் பூ விற்கும் அக்காவிடம் நீட்டினேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லிங்கம் எல்லாம் ரோட்டு மேலயே இருக்கு தம்பி, தானா தெரியும். பௌர்ணமி ராத்திரியில கக்கூஸ் எங்கன்னு இது காட்டுமா? பொம்பளைங்க எங்கிட்ட அதத்தான் கேக்குறாங்க" என்றார்.

எனக்கு முகத்தில் அசடு வழிந்தது. செயலியை முழுதாக எழுதி முடித்த பிறகு இதைக் கேட்டிருந்தால், அவர் சொன்னது தவறு என்று வாதாடியிருப்பேன். அட்டைதானே... கிழித்துப் போட்டுவிட்டு, இன்னொன்று வெட்டினேன்.