தரங்கம்பாடி ஐயர்மாரும் காட்சிசாலைப் பேழைகளும்

நாம் திருப்பணியாற்றும் தர்மபுரி மாவட்டத்தின் வறண்ட புன்செய்களில் வாழும் மண்ணுளிப் பாம்பு நஞ்சற்றது. எலிகளைத் தின்று உழவனுக்கு உதவுவது. அதன் மழுங்கிய வால் தலைபோலத் தோன்றுவதால் இருதலைப் பாம்பு என்பர். அதை வைத்திருப்போர்க்குச் செல்வம் சேரும் என்று சொல்லிப் பல லட்சம் பேரம் பேசும் மோசடிக்காரரும் உளர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்வியாபாரத்தைத் தடை செய்கிறது. ஆயினும் இப்பாம்பின் அறிவியற்பெயரில் ஒரு மிஷனெரியின் பெயர் பொதிந்துள்ளது என்பதைச் சபையாருள் எத்துணைப் பேர் அறிவர்? பாட்ரிக் ரசல் என்பார் 1801இல் அதை விவரித்தபோது, தரங்கம்பாடி ஜாண் ஐயரின் பெயரை அதற்குச் சூட்டினார். ‘எரிக்ஸ் ஜானியை’ என்பது அதன் இன்றைய பெயர்.

கிறிஸ்தோப் சாமுவேல் ஜாண் 1771இல் தரங்கம்பாடிக்கு வந்து 1813இல் மரிக்கும்வரை அங்கேயே ஊழியம் செய்தவர். லின்னேயசின் மாணாக்கரும், 1768இல் மிஷன் மருத்துவராக வந்தவருமான கூனிக், செடிகொடிகளை முறையாக ஆராயும் பழக்கத்தை அவ்வூரில் வேரூன்றச் செய்திருந்தார். ஜாண் ஐயரோ கடலை நோக்கினார். சோழமண்டலக் கரையின் சங்கு சிப்பிகளையும் மீன்களையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். மீன்களைப் பெற்று ஆராய்ந்தவர் பெர்லினில் வாழ்ந்த யூத மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக். லூத்தரன் குருவானவரையும் யூத மருத்துவரையும் மீன்கள் நண்பராக்கின! 1793இல் பிளாக் ஒரு மீன் பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்று பெயரிட்டார். அதில் ஓர் இனத்தின் பெயர் ‘ஜானியஸ் கறுத்தா’. இது வேறொன்றுமன்று, கறுத்த கத்தாளையே. நம் ஏரிகளில் துள்ளும் விராலுக்கு அதே ஆண்டில் அறிவியற்பெயர் இட்டவரும் அவரே. பிளாக் சேர்த்த மீன்களில் எஞ்சியவை பெர்லின் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் இன்றும் உள்ளன.

வலை வீசிய பரதவரின் பெயரோ அச்சீட்டுகளில் இல்லை. தர்மபுரி அகழ்வைப்பகத்திலுள்ள நடுகற்களைப் பார்த்தவர்க்கு இது உறுத்தும். ஆநிரை மீட்டு மாண்ட சாதாரண வீரனின் பெயரைக்கூட நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்தனர். எனினும் கறுத்த கத்தாளை என்ற சொல்லில் பரதவரின் வாய்மொழி தப்பிப் பிழைத்தது.

தரங்கம்பாடியின் பிற்கால மிஷனெரிமார் வசனத்தை விட்டுச் சிப்பிகளைப் பொறுக்கினர் என்று குறைகூறும் திருச்சபை வரலாற்றாசிரியர் உண்டு. அக்காலத்துப் பகுத்தறிவுவாதம் அவர்களைத் தொட்டது மெய்யே. சபை வளர்ச்சி மந்தமானதும் மெய்யே. ஆனால் ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக்குவது அவசர முடிவு என்பது நம் கருத்து. ஜாண் ஐயர் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளை நிறுவியவர். மேலும், பொருள் சேர்க்கும் வழக்கம் பக்திக்குப் புறம்பாக முளைத்ததன்று. இம்மிஷனின் தாயகமான ஹாலேயில், பிராங்கே 1698இல் தொடங்கிய கல்விக்கூடங்களிலேயே அது வளர்ந்தது. அங்கு அனாதை இல்லத்தின் மேல்மாடியில் 1741இல் ஒழுங்குற்ற காட்சியறை மாணாக்கரின் கல்விக்கானது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற பொருள்களும் அங்கு இடம்பெற்றன. 1995இல் பழைய பேழைகளோடு புதுப்பிக்கப்பட்ட அவ்வறையின் கூரையில் ஒரு முதலை தொங்குகிறது. (உயிருள்ள முதலையைக் காண நமக்கு ஒகேனக்கல் போதும்.)

இதனாலேயே வேதபாட மாணவரை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்கிறோம். 1851இல் எட்வர்ட் பால்பர் பொறுப்பில் தொடங்கிய நிலையம் அது. திமிங்கில எலும்புக்கூட்டின் முன் அனைவரும் நிற்பர். யோனாவைப் பற்றி ஒருவராவது கேட்பர். நாமோ அவர்களைச் சிறு பேழைகளின் பக்கம் திருப்பி, ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில், எவ்வாண்டில், எவரால் எடுக்கப்பட்டது என்று சீட்டில் தேடிப் படிக்கச் சொல்வோம்.

அங்கிருந்து வேப்பேரி தொலைவில்லை. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் வேப்பேரியில் ஊழியம் செய்து 1836இல் மரித்த ராட்லர் ஐயர், ஒரு கையால் செடிகளை உலர்த்திக் கொண்டே மறுகையால் தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தவர் எனலாம். அகராதி 1834இல் அச்சேறத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் நிறைவுற்றது. நம் நூலகங்களில் அதன் பிரதிகளை இன்றும் புரட்டலாம். அவர் உலர்த்திய செடிகளைக் காணவோ லண்டன் அருகிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவுக்குச் செல்ல வேண்டும்.