உதிர்ந்த பீலியும் பறித்த தூவியும்

நம் திகம்பர முனிவர்களின் திருக்கரத்தில் விளங்கும் மயிற்பீலியை நாம் அனைவரும் வணங்கியிருக்கிறோம். மயில் தானாக உதிர்த்த தோகையால் கட்டப்படுவது அது. அமரும் இடத்திலும் நடக்கும் வழியிலும் உள்ள சிற்றுயிர்களை மெல்ல விலக்கப் பயன்படுவது. அதே இறகு, நூறு ஆண்டுகளுக்கு முன் மேலை நாடுகளில் பெருங்கொலைக்குக் காரணமாக இருந்த செய்தியை வரலாற்று மாணவியாகிய நான் படித்தபோது மனம் கலங்கினேன். அதனை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன், பாரிஸ், நியூயார்க் நகரப் பெண்களிடையே இறகு செருகிய தொப்பி அணிவது பெரும் நாகரிகமாகப் பரவியது. 1886ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்னும் பறவை ஆர்வலர் நியூயார்க் கடைத்தெருக்களில் நடந்து, எதிர்ப்பட்ட பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் இறகுகள் இருந்தன. அவற்றில் 40 வகைப் பறவைகளை அவர் அடையாளம் கண்டார்.

இவற்றுள் வெண்கொக்கின் தூவிக்கே மதிப்பு மிகுதி. எடைக்கு எடை அது தங்கத்தின் விலையை விஞ்சியது. இனப்பெருக்கக் காலத்தில்தான் கொக்கின் முதுகில் அம்மெல்லிய நீண்ட தூவிகள் வளரும். ஆகவே, கூட்டில் குஞ்சுகள் இருக்கும் வேளை பார்த்தே வேட்டைக்காரர் வந்தனர். தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் சுடப்பட்டபின், இரை ஊட்டுவாரின்றிக் குஞ்சுகள் கூட்டிலேயே மடிந்தன. இந்தியாவிலிருந்தும் இறகுகள் இலண்டன் ஏலக்கூடங்களுக்குக் கப்பலேறின.

அத்தொப்பிகளை அணிந்த பெண்கள் கொடியவர்களா? அல்லர். அவர்கள் கண்டது கடைக் கண்ணாடிக்குப் பின்னிருந்த அழகை மட்டுமே. கூட்டை அவர்கள் கண்டதில்லை. ஐயுற்றுக் கேட்டவர்களிடம், இவை செயற்கை இறகுகள் என்றும், பறவைகள் தாமே உதிர்த்தவை என்றும் வணிகர் கூறினர்.

1889இல் மான்செஸ்டர் நகரை அடுத்த டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்னும் பெண்மணி பறவைகளைக் காக்க ஒரு சங்கம் கண்டார். உணவுக்காகக் கொல்லப்படாத எப்பறவையின் இறகையும் அணிவதில்லை என்பது உறுப்பினர் ஏற்ற உறுதி. தீக்கோழி இறகு மட்டும் விலக்கு. 1896இல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வேயும் அவருடைய உறவினர் மின்னா ஹாலும் செல்வர் வீட்டுப் பெண்களைத் தேநீருக்கு அழைத்து, இறகைத் துறக்குமாறு வேண்டினர். வாங்குவோர் மனம் மாறத் தொடங்கியபின் சட்டங்களும் வந்தன. 1902இல் இந்திய அரசு இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1905இல் புளோரிடாவில் கொக்குகளைக் காத்துவந்த காவலர் கை பிராட்லி சுட்டுக் கொல்லப்பட்டார். 1921இல் பிரிட்டனில் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் நிறைவேறியது. சங்கம் தொடங்கி 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. இதற்கிடையில் பெண்கள் கூந்தலைக் குறுகக் கத்தரிக்கத் தொடங்கியதால் பெரிய தொப்பிகளின் காலமும் முடிந்தது. அறவுணர்வு ஒன்றே வென்றது எனல் முழு உண்மையாகாது. ஆயினும் அவ்வுணர்வு இல்லாதிருந்தால் சட்டம் பிறந்திராது.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகைப்படும் என்பது நம் அறநூல்களின் தெளிவு. தொப்பி வாங்கிய பெண் துப்பாக்கி ஏந்தவில்லை. ஆனால் அவள் கொடுத்த பணமே வேட்டையைச் செய்வித்தது. இந்த நுட்பத்தை அறிந்த மரபில் வந்த நாம் இன்று எவ்வாறு வாங்குகிறோம்? 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து, 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் ஆடைத் தொழிலாளர். சுவரில் விரிசல்கள் முந்தைய நாளே தெரிந்திருந்தும், அவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் தைத்த உடைகள் தொலைநாட்டுக் கடைகளில் மலிவு விலைக்குத் தொங்கின.

இதனை எழுதுமுன் என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். விலைச்சீட்டுக் கழற்றப்படாத உடைகள் மூன்று இருந்தன. தள்ளுபடி என்பதால் வாங்கியவை. அவற்றைத் தைத்தவர் யாரென்று நான் எண்ணியதே இல்லை. என் பாட்டியார் பட்டு உடுத்துவதை விட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. காரணம் கேட்டபோது, "கூட்டுக்குள்ளே புழு இருக்கிறதம்மா" என்று மட்டும் சொன்னார். கொதிநீரில் இடப்படும் அக்கூட்டை அவர் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. காணாத உயிரையும் கருதிய அந்த உள்ளத்தின் முன் என் படிப்பு சிறிதாகத் தோன்றியது.

இல்லறத்தார்க்கு ஓதப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. தமக்கு வேண்டிய அளவைத் தாமே வரையறுத்து, அதற்குள் நிற்பது அது. ஓர் ஆண்டுக்கு இத்தனை உடை என்று இத்திருநாளில் நான் ஓர் அளவு வகுத்துக்கொண்டேன். என்னைப் போன்ற இளைஞர்களும் அவ்வாறே முயலலாம். எப்பொருளையும் வாங்குமுன், இது தானே உதிர்ந்த பீலியா, உயிரை வருத்திப் பறித்த தூவியா என்று ஒரு கணம் நின்று கேட்போமாக.