நண்டுக் கேனன்

மேற்கத்தியச் செவ்விசையில், ஒரு மெட்டை ஒரு குரல் முதலிலிருந்து கடைசி வரையும், இன்னொரு குரல் கடைசிச் சுரத்திலிருந்து முதல் சுரம் வரையும் ஒரே நேரத்தில் இசைக்கும் அமைப்பு. சாதாரணக் கேனனில் இரண்டாம் குரல் சற்றுப் பிந்தி நுழைந்து முதல் குரலைப் பின்தொடரும். நண்டுக் கேனனில் இரண்டும் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாகவே முடியும்.

14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் கியோம் து மாஷோ இயற்றிய மூன்று குரல் ரோந்தோ ஒன்றில் இரு குரல்கள் ஒன்றையொன்று தலைகீழ் வரிசையில் பாடும். மூன்றாவது குரல் பாதி வழியில் தானே திரும்பி நடக்கும்.

இவ்வகையின் உச்சம் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக். 1747 மே மாதம் போட்ஸ்டாம் அரண்மனையில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் அவருக்கு ஒரு மெட்டைக் கொடுத்தார். கர்நாடக இசைச் சுரங்களில் சொன்னால் அது ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம் என்று தொடங்கும். அந்த ஆண்டே அச்சான 'இசைக் காணிக்கை'யில் இம்மெட்டின் மேல் ஒரு நண்டுக் கேனன் உண்டு. அச்சில் இருப்பது ஒரே வரி. அதன் முடிவில் சுரக்குறி (clef) திருப்பி வைக்கப்பட்டிருக்கும். வாசிப்பவருக்கு அந்தக் குறிப்பே போதும்.

மொத்தம் 18 பார்கள் (தாளப் பிரிவுகள்). முதல் பார் 18ஆவதுடனும், 2ஆவது 17ஆவதுடனும் ஒத்திசைய வேண்டும். எனவே முதல் 9 பார்களுக்கு இரு குரல்களும் பொருந்திவிட்டால் மீதி 9 தாமே கிடைக்கும். குரல்கள் இடம் மாறிப் பின்னோக்கிப் போகும். மன்னரின் மெட்டு பெரும்பாலும் நீண்ட சுரங்களில் நடக்க, மற்றக் குரல் வேகச் சுரங்களில் ஓடும். நடுவில் ஓட்டமும் நடையும் கைமாறும்.

கடினம் முரண் சுரங்களில்தான். அக்கால இலக்கணப்படி, பிடித்து நிறுத்திய சுரம் அழுத்தமான தட்டில் முரணாகி, ஒரு படி கீழிறங்கித் தீர வேண்டும். திருப்பி வாசித்தால் தீர்வு முன்னே வந்துவிடும், முரண் பின்னே நிற்கும். ஆகவே இரு திசையிலும் பிழையாகாத கடப்புச் சுரங்களையே தேடிப் பிடிக்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டிலும் பாகின் கேனன் கணக்காக ஒலிப்பதில்லை, பாட்டாகவே ஒலிக்கிறது.

ஹைடனின் 47ஆம் சிம்பொனியில் (1772) வரும் மினுவெட் முன்னும் பின்னும் ஒன்றே. ஆனால் இரு திசைகளும் ஒருங்கே ஒலிக்காததால் அது மாலைமாற்று, கேனன் அன்று. 20ஆம் நூற்றாண்டில் ஷோன்பெர்க், வெபெர்ன், பெர்க் ஆகியோர் பின்னோக்கு நடையைக் கையாண்டனர். டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டரின் 'கோடல், எஷர், பாக்' (1979) நூல்வழி கணினித் துறையினரும் நண்டுக் கேனனை அறிவர்.