இனக்கூட்ட மரபியல்

இனக்கூட்ட மரபியல் என்பது ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபணு வடிவங்கள் எந்த அளவில் உள்ளன, தலைமுறைதோறும் அந்த அளவு ஏன் மாறுகிறது என்று ஆராயும் துறை. ஒரு மரபணுவின் மாற்று வடிவம் அல்லீல் எனப்படும். ஒருவரிடம் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு படிகள் உண்டு. 100 பேரிடமுள்ள 200 படிகளில் 4 படிகள் ஒரே அல்லீல் என்றால் அதன் நிகழ்வெண் 0.02.

தோற்றம்

ஓங்கு பண்பு நாளடைவில் எல்லாரிடமும் பரவிவிடாதா என்ற ஐயத்துக்கு 1908-இல் இருவர் தனித்தனியே விடை கண்டனர். ஒருவர் ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க். மற்றவர் பின்னாளில் இராமானுசனை உலகறியச் செய்த கணிதர் ஹார்டி. சடுதிமாற்றம், இயற்கைத் தேர்வு, குடிப்பெயர்வு, தற்செயல் நகர்வு ஆகியவை இல்லாத பெருங்கூட்டத்தில் நிகழ்வெண் மாறாது என்பது அவர்கள் கண்ட விதி. இந்நான்கும் நிகழ்வெண்ணை மாற்றும் விதத்தை அறிவியலர் ஃபிஷர், ரைட், ஹால்டேன் மூவரும் 1920, 30களில் கணிதமாக்கினர். 1957-இல் இந்தியாவில் குடியேறிய ஹால்டேன், தென்னிந்திய உறவுமுறைத் திருமணங்களை ஆராயத் தூண்டினார்.

கலிபோர்னியாவில்

குபெர்டினோ நகரம் அமைந்த சாண்டா கிளாரா மாவட்டத்திலேயே உள்ளது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்குப் பணியாற்றிய இத்தாலிய அறிஞர் கவாலி-ஸ்ஃபோர்சா, உலக மக்களின் அல்லீல் நிகழ்வெண்களைத் தொகுத்து 1994-இல் பெருநூலாக்கினார். மனிதரை இனங்களாகப் பிரிக்க மரபியலில் அடிப்படை இல்லை என்று அவர் வலியுறுத்தினார். மனித வேறுபாடுகளில் பெரும்பகுதி ஒவ்வொரு கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. எனவே நிகழ்வெண் எந்தக் கூட்டத்துக்கும் உயர்வு தாழ்வு சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 கார இணைகள் விடுபட்ட அல்லீலை, ஆய்வாளர்கள் தண்டபாணி, தங்கராஜ் உள்ளிட்ட குழுவினர் 2009-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். இந்தியரில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இது உண்டு. வயது ஏறும்போது இதயத் தசை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். இதன் நிகழ்வெண் ஏறத்தாழ 0.02. ஹார்டி-வைன்பெர்க் விதிப்படி (0.02 × 0.02), உறவுக்கு வெளியே மணந்தோருக்கு இரு படிகளிலும் இது அமையும் குழந்தைகள் 10,000 பேரில் 4 பேர். பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன் உறவினராயின் இக்கணக்கு ஏறத்தாழ 16 ஆகும். தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால் 28-ஐத் தாண்டும்.

உறவுமணம் மட்டும் நிகழ்வெண்ணை மாற்றுவதில்லை; சிதறிக் கிடக்கும் படிகளை ஒரே குழந்தையிடம் சேர்க்கிறது. கடல் கடந்து குபெர்டினோவில் குடியேறினாலும் அல்லீல் உடன் வரும். உறவுக்கு வெளியே மணம் நிகழும்போது இரு படிகளும் சேரும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் ஒரு படி மட்டும் உடையவருக்கும் நோய் வரக்கூடும். ஆகவே பாட்டன் பாட்டியின் இதய நோய் வரலாற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது எந்த ஊரிலும் தேவையானது.